மதிலுக்குள்ளே மழலை!

சிறைச்சாலைக்கு நம் மக்கள் வைத்திருக்கும் கேலிப் பெயர் "மாமியார் வீடு." ஆண்மகன் ஒருவன் உள்ளே போய்விட்டால், "எங்கே ஆளைக் காணோம்?" என்று ஒருவர் கேட்பார், "மாமியார் வீட்டுக்குப் போயிருக்கிறான், களி தின்ன!" என்று இன்னொருவர் சொல்வார், டீக்கடையே சிரிக்கும். ஆறு மாதம் கழித்து அவன் திரும்பி வந்தால் அதே டீக்கடையிலே அவனுக்கு இடம் உண்டு; ஒரு கிளாஸ் டீயும் உண்டு. சில ஊர்களிலே மாலையும் மேளமும்கூட உண்டு!

பெண் ஒருத்தி உள்ளே போனால் எவரும் சிரிப்பதில்லை. அந்தப் பேச்சையே எடுப்பதில்லை. கேலிக்குச் சொல்லும் மாமியார் வீடு அவளுக்குத் திறக்கிறது. உண்மையான மாமியார் வீடு அன்றைக்கே மூடிக்கொள்கிறது. பிறந்த வீடோ, அடுத்த பெண்ணுக்கு வரன் கெட்டுவிடுமே என்று அஞ்சி, கதவைப் பாதி சாத்தி வைத்துக்கொண்டு, இடுக்கு வழியே எட்டிப் பார்க்கிறது. குற்றம் செய்தாளா இல்லையா என்பதை நீதிமன்றம் இனிமேல்தான் விசாரிக்கப் போகிறது. வீதி தன் தீர்ப்பை எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டது!

இந்தப் பெண்களைப் பற்றி எழுதப் புகுந்தால், "நாட்டிலே நல்லவர்களுக்கே வசதி இல்லை, சிறைக்குப் போனவளுக்கு என்ன வசதி வேண்டிக் கிடக்கிறது?" என்று கேட்கும் பெரியவர்கள் உண்டு. அவர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறோம்.

சிறை நமக்குப் புதிதல்ல

சிறை என்றால் என்னவென்று ஏட்டிலே படித்துத் தெரிந்துகொண்ட இயக்கம் அல்ல நம்முடையது. விலைவாசிப் போராட்டத்திலே 1962இல் அண்ணா வேலூர்ச் சிறையிலே இருந்தார். 1965இல் கலைஞரைப் பாளையங்கோட்டைத் தனிமைச் சிறையிலே அடைத்தார்கள். 1976இல் மிசாக் காலத்துச் சென்னைச் சிறையிலே விழுந்த அடி, சிட்டிபாபுவின் உயிரையே கொண்டு போயிற்று. இவை மேடைதோறும் நாம் சொல்லிச் சொல்லி, பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்த செய்திகள்.

சொல்ல மறப்பது ஒன்று உண்டு. 1938 நவம்பர் 14ஆம் நாள், கட்டாய இந்தியை எதிர்த்துச் சென்னை இந்து தியாலஜிகல் பள்ளி முன்னே மறியல் செய்து கைதான பெண்கள் ஐவர். டாக்டர் தருமாம்பாள், மூவலூர் இராமாமிருதம் அம்மையார், மலர்முகத்தம்மையார், பட்டம்மாள், சீதம்மாள். ஆறு வாரத் தண்டனை. சீதம்மாள் தனியாகப் போகவில்லை. மங்கையர்க்கரசி, நச்சியார்க்கரசி என்ற தம் சின்னஞ்சிறு மக்கள் இருவரையும் அழைத்துக்கொண்டே சிறை புகுந்தார். அந்தப் போராட்டத்திலே சிறை சென்ற பெண்கள் 73 பேர் என்றும், அவர்களோடு போன குழந்தைகள் 32 என்றும் இயக்க வரலாறு கணக்குச் சொல்கிறது. தமிழுக்காகத் தாயின் இடுப்பிலே அமர்ந்து சிறைக்குப் போன குழந்தைகள்! அன்றைய ஆட்சியாளர்கள் அதைக் கண்டு எள்ளி நகையாடினார்கள், நாடு நெகிழ்ந்தது.

அந்த 32 குழந்தைகளைப் பாடிப் புகழ நமக்கு வாய் இருக்கிறது. இன்றைக்கும் தாயின் இடுப்பிலே சிறைக்குள்ளே இருக்கும் குழந்தைகளைப் பற்றி நமக்குக் கணக்காவது தெரியுமா?

தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் தரும் கணக்கு இது: 2022ஆம் ஆண்டின் கடைசி நாளன்று இந்தியச் சிறைகளிலே இருந்தவர்கள் 5,73,220 பேர். அவர்களிலே பெண்கள் 23,772. அந்தப் பெண்களிலே 1,537 பேர் கையிலே குழந்தை. குழந்தைகள் 1,764.

அன்று 32. பிறகு 1,764. முன்னவர்களுக்கு ஊர்வலம் இருந்தது, வாழ்த்து முழக்கம் இருந்தது, விடுதலை நாளிலே வாசலிலே கூட்டம் இருந்தது. பின்னவர்களுக்கு ஒன்றும் இல்லை.

நூற்றுக்கு நாலு

நூறு கைதிகளிலே பெண்கள் ஏறத்தாழ நாலு பேர். கேட்பதற்கு மகிழ்ச்சியான செய்தி போலத் தோன்றும். அந்த நாலு பேருக்கு அதுவே வினையாகிவிட்டது. தொண்ணூற்றாறு பேருக்காகக் கட்டிய கட்டடம். தொண்ணூற்றாறு பேருக்காக எழுதிய விதி. தொண்ணூற்றாறு பேருக்காக அமர்த்திய டாக்டர். நாலு பேருக்கு ஒரு மூலை.

1894ஆம் ஆண்டுச் சிறைச் சட்டத்தின் 27ஆம் பிரிவு என்ன சொல்கிறது? ஆண்களும் பெண்களும் உள்ள சிறையிலே, ஆண்கள் காணவும் பேசவும் முடியாதபடி, பெண்களைத் தனிக் கட்டடத்திலோ தனிப் பகுதியிலோ வைக்க வேண்டும் என்கிறது. நல்ல விதிதான். வெள்ளைக்காரன் போட்டது என்பதற்காக வெறுக்க வேண்டியதில்லை. அதே சட்டத்தின் 46ஆம் பிரிவு, பெண் கைதிக்குத் தண்டனையாகக் கைவிலங்கோ கால்விலங்கோ கசையடியோ கூடாது என்றும் சொல்லிவிட்டது. ஆனால், அந்தத் "தனிப் பகுதி" நடைமுறையிலே என்னவாயிற்று என்பதைப் பாருங்கள். ஆண்கள் சிறையின் மதிலுக்குள்ளே இன்னொரு மதில், அதற்குள்ளே பெண்கள். நூலகம் பெரிய மதிலுக்குள்ளே இருக்கும். பெண்கள் அங்கே போக முடியாது. தொழிற்கூடம் அங்கே, ஆஸ்பத்திரி அங்கே, விளையாடும் திடல் அங்கே. ஆண் கைதிக்குச் சிறை ஒன்று. பெண் கைதிக்குச் சிறைக்குள்ளே சிறை! இந்தியாவின் பெண் கைதிகளிலே பெரும்பாலோர் இருப்பது இப்படிப்பட்ட அடைப்புகளிலேதான். பெண்களுக்கென்றே அமைந்த சிறைகளிலே அல்ல.

இந்தக் குறையிலே தமிழ்நாடு பல மாநிலங்களைவிட மேல் என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். வேலூர், புழல், திருச்சி, கோவை, மதுரை என்று ஐந்து இடங்களிலே பெண்களுக்கான தனிச்சிறைகள் இங்கே உண்டு. பெண்கள் ஆளும் சிறைகள். கதவைத் திறப்பவரும் பெண், கணக்கெடுப்பவரும் பெண். இதை நாம் பெருமையோடு சொல்லலாம். சொல்லிவிட்டு, வரைபடத்தையும் எடுத்துப் பார்க்கலாம். மாவட்டங்கள் 38. தனிச்சிறைகள் ஐந்து. குமரி முனையிலே ஒரு குடிசை, அங்கே கிழவி ஒருத்தி; நீண்ட தண்டனை பெற்ற மகள் மதுரையிலோ திருச்சியிலோ. மகளைப் பார்க்க வேண்டுமென்றால் இரவு பஸ் ஏற வேண்டும். ஒரு நாள் கூலி போக வேண்டும். போக வரச் சத்தம் வேண்டும். கையிலே ஒரு பிஸ்கட் பொட்டலமாவது வேண்டும். இத்தனையும் தேடிக்கொண்டு போய் வாசலிலே "மனு" எழுதிக் கொடுத்துவிட்டு, அழைக்கும்வரை வெயிலிலே நின்று, உள்ளே போனால் பேசக் கிடைப்பது சில நிமிடங்கள். மனு பார்க்க முதல் மாதம் வருவாள். மூன்றாம் மாதம் வருவாள். பிறகு தீபாவளிக்கு வருவாள். பிறகு?

2020இலே கொரோனா வந்து மனுவை நிறுத்தியபோது, செல்பேசியிலே முகம் பார்த்துப் பேசும் ஏற்பாட்டை நம் சிறைத்துறை செய்தது. கொள்ளை நோய் தந்த ஒரே கொடை அதுதான் போலும்! நோய் போனாலும் அந்த வழி விரிய வேண்டும். குமரிக் கிழவிக்கு அது ஒரு நாள் கூலியை மிச்சமாக்கும்.

விடிந்தது முதல் அடைப்பு வரை

உள்ளே ஒரு நாள் எப்படிக் கழிகிறது? கதவு திறப்பது எண்ணிக்கைக்காக. வரிசையாக உட்கார வேண்டும், வார்டர் எண்ணுவார். ஒன்று குறைந்தால் மறுபடி எண்ணுவார். பெயர் சொல்லி அழைக்கும் பழக்கம் வெளியுலகத்தோடு சரி. இங்கே முதலிலே எண், பிறகுதான் ஆள். எண்ணிக்கை முடிந்ததும் அடுத்த வரிசை கக்கூசுக்கு. அதற்கடுத்த வரிசை தண்ணீருக்கு. அதற்கும் அடுத்தது சாப்பாட்டுக்கு. நடுப்பகல் அடைப்பு, மறுபடி திறப்பு, மறுபடி எண்ணிக்கை. பொழுது சாய்வதற்கு முன்னே இராச் சாப்பாட்டை வாங்கி வைத்துக்கொண்டு உள்ளே போய்விட வேண்டும், பூட்டு விழுந்துவிடும். பிறகு விடியும்வரை அந்த அறை, அந்த விளக்கு, அந்தப் பெண்கள். விளக்கு அணைப்பதில்லை. இருட்டிலே தூங்குவது என்பதும் ஒரு சுகம் என்பது, அதை இழந்தவர்களுக்குத்தான் தெரியும்.

2016ஆம் ஆண்டின் மாதிரிச் சிறைக் கையேடு விதிகளை விரிவாகவே எழுதியிருக்கிறது. ஒரு கைதிக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் தண்ணீர். பத்துப் பேருக்கு ஒரு குளியலறை. மாதவிலக்குக்கு வேண்டிய துணி, வேண்டிய அளவு. கர்ப்பிணிக்கும் பால் கொடுக்கும் தாய்க்கும் தனி உணவு. எழுதியவர் மனம் உள்ளவர் என்பதிலே ஐயமில்லை. ஆனால் கையேடு டில்லியிலே அச்சாகிறது; தண்ணீர் குழாயிலே வர வேண்டும். இடம் நூறு பேருக்கு, இருப்பது நூற்று முப்பது பேர் என்றால், "பத்துப் பேருக்கு ஒன்று" என்ற கணக்கு காகிதத்திலேதான் நிற்கும். "வேண்டிய அளவு" என்ற சொல்லைப் பாருங்கள். எவ்வளவு வேண்டும் என்பதை யார் முடிவு செய்வது? உதிரம் போகிறவளா, சாமான் அறைச் சாவி வைத்திருப்பவளா? "இன்னும் ஒன்று கொடுங்கள், அம்மா" என்று ஒரு பெண் ஒவ்வொரு மாதமும் கைநீட்டிக் கேட்க வேண்டுமென்றால், அந்தத் துணி உரிமையல்ல, பிச்சை. ஐ.நா. பேரவை 2010 டிசம்பரிலே ஏற்றுக்கொண்ட பாங்காக் விதிகள், இந்தத் துணியை விலையின்றித் தர வேண்டும் என்று ஒரு விதியாகவே எழுதியிருக்கின்றன. உலக நாடுகள் ஒன்றுகூடி இதையுமா எழுத வேண்டியிருந்தது என்று வியப்பவர்கள், உலகச் சிறைகளையெல்லாம் கட்டியவர்கள் ஆண்கள் என்பதை நினைத்துப் பார்க்கட்டும்.

உணவைப் பற்றி ஒரு செய்தி. 2017 சூன் திங்களில், மும்பை பைகுல்லா சிறையின் பெண்கள் பகுதியிலே, காலை உணவுக் கணக்கிலே இரண்டு முட்டையும் ஐந்து பாவ் ரொட்டியும் குறைந்தன. அதைப்பற்றி முறையிட்டாள், உணவு பங்கிடும் பொறுப்பிலே இருந்த தண்டனைக் கைதி ஒருத்தி. அவளை அடித்தார்கள். அன்றைக்கே செத்தாள். சிறையின் பெண் அலுவலர்கள் ஆறு பேர் கொலை வழக்கிலே கைதானார்கள். அடைப்பிலே இருந்த பெண்கள் கொதித்தெழுந்து மாடியேறி முழங்கினார்கள்; அதற்கு அவர்கள்மீது கலக வழக்கு! இரண்டு முட்டை, ஐந்து ரொட்டி. "பெண்களைப் பெண்களே ஆண்டால் கொடுமை இராது" என்று நம்பி இருந்துவிடலாகாது என்பதற்காகவே இதைச் சொல்கிறோம். சாவி யார் கையிலே என்பது ஒரு கேள்வி. சாவி வைத்திருப்பவரைக் கேட்பார் யார் என்பது அதனினும் பெரிய கேள்வி.

நோய் வந்தாலோ? அதற்கும் ஓர் எடுத்துக்காட்டு, சற்றுப் பழையது. நெருக்கடி நிலைக் காலத்திலே, 1976 மே திங்களில், "சம்ஸ்காரா" கன்னடப் படத்திலே நடித்த சிநேகலதா ரெட்டியைக் கைது செய்து பெங்களூர்ச் சிறையிலே வைத்தார்கள். கடுமையான ஆஸ்துமா நோயாளி. வழக்கு நிலைக்கவில்லை, மிசா நின்றது. அவர் சிறையிலே எழுதிய நாட்குறிப்பு தம் நோயைவிடக் கூட இருந்த ஏழைப் பெண்களின் அவலத்தையே பேசிற்று. மூச்சு முட்டும் நிலையிலே 1977 சனவரி 15இல் வெளியே விட்டார்கள். 20ஆம் நாள் இறந்தார். பெயரும் புகழும் உள்ள ஒருவருக்கே ஐந்து நாள்தான் மிஞ்சிற்று. பெயர் தெரியாதவர்கள் நிலை?

வேலை உண்டா என்றால், கடுங்காவல் தண்டனை பெற்றவளுக்கு உண்டு. தையல் உண்டு, வேறு சில கைத்தொழில்கள் உண்டு, கூலியும் உண்டு. கைதியின் உழைப்புக்கு நியாயமான கூலி தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1998இலே சொல்லிவிட்டது. 2023இல் புழலிலே பெண் கைதிகளே நடத்தும் பெட்ரோல் பங்க் திறந்தபோது நாம் உள்ளபடியே மகிழ்ந்தோம். சேலை கட்டிய கைதிப் பெண் வீதியிலே நின்று, வண்டிக்குப் பெட்ரோல் போட்டு, சில்லறை எண்ணிக் கொடுக்கிறாள். வண்டிக்காரர் "நன்றி அம்மா" என்று சொல்லிப் போகிறார். ஆயிரம் சீர்திருத்தச் சொற்பொழிவுக்கு ஈடானது அந்தச் சில்லறை!

ஆனால் விசாரணைக் கைதிக்கு வேலை கிடையாது. அவளைக் கட்டாயமாக வேலை வாங்கக் கூடாது என்பது சட்டம். நல்ல எண்ணத்திலே போட்ட சட்டம்தான். விளைவு? காலையிலிருந்து மாலை வரை உட்கார்ந்திருக்கிறாள். வீட்டிலே விட்டுவந்த பிள்ளை சாப்பிட்டதா என்று நினைக்கிறாள். மறுநாளும் நினைக்கிறாள். கூலியும் இல்லை, வக்கீலுக்குக் கொடுக்கக் காசும் இல்லை.

பசு மாட்டைக் கண்டு பயந்த பிள்ளை

குழந்தைகளிடம் வருவோம். ஆறு வயது நிரம்பும்வரை குழந்தை தாயோடு சிறையிலே இருக்கலாம். 2006 ஏப்ரல் 13இலே, ஆர்.டி. உபாத்யாய் வழக்கிலே உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு இதை நாடு முழுமைக்கும் விதியாக்கிற்று. அந்தத் தீர்ப்பு எடுத்துக் காட்டும் ஆய்வு ஒன்றிலே வரும் செய்தியைப் படித்த நாளிலிருந்து நமக்கு மறக்கவில்லை. சிறையிலே வளரும் பிள்ளைகளுக்கு "வீடு" என்றால் என்னவென்றே தெரிவதில்லையாம். பெண்களுக்கு நடுவிலேயே வளர்ந்ததால், ஆண்பிள்ளைகள் சிலர் தங்களைப் பெண்பாலிலே சொல்லிப் பேசுகிறார்களாம். வெளியே அழைத்து வந்தால், வீதியிலே போகும் மாட்டைக் கண்டு அலறுகிறார்களாம்!

மாடு என்றால் என்னவென்று தெரியாமல் வளர்கிறது ஒரு குழந்தை. அது செய்த குற்றம் என்ன? எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு? எத்தனை ஆண்டு?

அந்தத் தீர்ப்பு நல்ல பல ஆணைகளை இட்டது. பிரசவம் கூடுமானவரை வெளி ஆஸ்பத்திரியிலே நடக்க வேண்டும். சிறையிலே பிறந்துவிட்டால், பிறப்புச் சான்றிலே "சிறை" என்று எழுதக் கூடாது; அந்த வட்டாரத்தின் பெயரை மட்டும் எழுத வேண்டும். குழந்தை கைதியல்ல, அதற்கு உணவு, உடை, மருத்துவம், படிப்பு எல்லாம் உரிமை. மூன்று வயதுக்கு உட்பட்டவர்க்குக் குழந்தைக் காப்பகம். மூன்று முதல் ஆறு வரை பாலர் பள்ளி. இடநெருக்கடி மிகுந்த கிளைச் சிறைகளிலே குழந்தையோடு தாயை வைக்கலாகாது.

பெரிய சிறைகளிலே இவை ஓரளவு நடக்கின்றன. சுவரிலே யானைப் படமும் குருவிப் படமும் எழுதிய அறை உண்டு, ஊஞ்சல் உண்டு, பால் உண்டு. நடப்பதை நடப்பதென்றே சொல்வோம். ஆனால் எழுதிய யானையைப் பார்த்து வளரும் பிள்ளை மாட்டுக்குப் பயப்படாமலா இருக்கும்? பக்கத்து ஊர் அங்கன்வாடிக்கு அந்தப் பிள்ளையைக் காலையிலே அழைத்துச் சென்று மாலையிலே கொண்டு வந்துவிட என்ன தடை? மற்றப் பிள்ளைகளோடு அது மண்ணிலே புரளட்டும், சண்டை போடட்டும், நாயையும் மாட்டையும் ஐஸ் வண்டியையும் பார்க்கட்டும். ஒரு பெண் காவலர், சாதாரண உடையிலே, கை பிடித்து அழைத்துப் போனால் போதும். கோடிகள் வேண்டாம்.

ஆறாவது பிறந்த நாளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மற்ற வீடுகளிலே மிட்டாய் கொடுக்கும் நாள். இங்கே பிரிக்கும் நாள். தாய் சொல்லும் உறவினரிடமோ, எவரும் இல்லையென்றால் ஒரு விடுதியிலோ பிள்ளையை ஒப்படைக்க வேண்டும். பிறகு அதே பிள்ளை தாயைக் காண மனு போட்டுத்தான் வர வேண்டும். வலைக்கு அப்பால் நின்றுதான் பேச வேண்டும். நேற்றுவரை கழுத்தைக் கட்டிக்கொண்டு தூங்கிய பிள்ளை!

சொத்து எங்கே? உறவு எங்கே?

"சரி, குற்றம் செய்தவர்கள்தானே உள்ளே இருக்கிறார்கள்?" என்று கேட்பவரைத் தொடக்கத்திலேயே குறிப்பிட்டோம். அவருக்குக் கணக்கின் மறுபாதியைக் காட்டுவோம். 2022 இறுதியிலே இருந்த 23,772 பெண்களிலே 18,146 பேர் விசாரணைக் கைதிகள். நூற்றுக்கு எழுபத்தாறு! குற்றவாளி என்று எந்த நீதிபதியும் இன்னும் சொல்லாதவர்கள்.

பெண்ணுக்கு ஜாமீன் கொடுப்பதிலே சலுகை காட்டலாம் என்று சட்டத்திலேயே இருக்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலே இருந்தது. 2024 சூலை முதல் நடப்புக்கு வந்த புதிய சட்டத்திலும் இருக்கிறது. முதன்முறை குற்றம் சாட்டப்பட்டவர், உச்சத் தண்டனையிலே மூன்றிலொரு பங்கைக் கழித்திருந்தால் வெளியே விடலாம் என்றும் அந்தப் புதிய சட்டம் சொல்கிறது. பின் ஏன் உள்ளே இருக்கிறார்கள்?

நீதிபதி ஜாமீன் உத்தரவு போட்டுவிடுகிறார். கூடவே நிபந்தனை: இரண்டு பேர் ஜாமீன் நிற்க வேண்டும், அதிலே ஒருவர் இரத்த உறவாக இருக்க வேண்டும். சொத்து காட்ட வேண்டும். வீட்டு வரி ரசீது காட்ட வேண்டும். சொத்து எவர் பெயரிலே இருக்கிறது நம் நாட்டிலே? அப்பன் பெயரிலே, அண்ணன் பெயரிலே, புருஷன் பெயரிலே. புருஷனே புகார் கொடுத்தவன் என்றால்? செத்தவனே புருஷன் என்றால்? அண்ணன் தலைமுழுகிவிட்டான் என்றால்? பெண்ணுக்குச் சொத்திலே பங்கு வேண்டும் என்று 1929இலே செங்கற்பட்டிலே சுயமரியாதை மாநாடு தீர்மானம் போட்டதும், 1989இலே கலைஞர் ஆட்சி அதைச் சட்டமாக்கியதும், பட்டுச் சேலைக்காரிகளுக்காக மட்டும் அல்ல. சொத்தில்லாதவளுக்குச் சிறைக் கதவும் திறப்பதில்லை!

1978இலே இப்படித்தான் மத்தியப் பிரதேசத்துக் கொத்தனார் ஒருவரின் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போயிற்று. ஜாமீன் தந்தாகிவிட்டது, பத்தாயிரம் ரூபாய் ஈடு கேட்டார் மாஜிஸ்திரேட். அண்ணன் தம்பி ஜாமீன் நிற்க வந்தால், வேறு மாவட்டக்காரன் என்று தள்ளினார். நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் சினந்து எழுதி, ஆயிரம் ரூபாய்க்குச் சொந்தப் பிணையிலேயே அந்தக் கொத்தனாரை விடச் சொன்னார். பிறகு 2023 சனவரியிலே உச்ச நீதிமன்றம் மறுபடியும் சொல்லிற்று: ஜாமீன் கிடைத்தும் ஒரு வாரத்திலே வெளியே வராதவர்களைக் கண்டறிந்து சட்ட உதவி செய்யுங்கள், ஒரு மாதம் ஆகியும் முடியவில்லை என்றால் நிபந்தனையைத் தளர்த்துங்கள். உள்ளூர் ஜாமீன்தாரரே வேண்டும் என்று அடம் பிடிக்காதீர்கள். அதே ஆண்டு ஒன்றிய அரசும் ஏழைக் கைதிகளுக்காக ஒரு திட்டம் கொண்டுவந்தது. விசாரணைக் கைதிக்கு 40,000 ரூபாய் வரை. பணமாகக் கட்டச் சொன்னால் அது உதவும். ஆனால் கேட்பது பணமல்ல, ஆள்! இரத்த உறவை எந்தத் திட்டத்தின்கீழ் வழங்குவார்கள்?

விடுதலைப் போரிலே வேலூர்ச் சிறையிலே இருந்தவர் துர்க்காபாய். காங்கிரஸ்காரர், ஆனாலும் சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டும். சட்டம் தெரியாமல், செய்யாத குற்றத்தையும் ஒப்புக்கொண்டு தண்டனை அனுபவிக்கும் ஏழைப் பெண்களை அவர் அங்கே கண்டார். வெளியே வந்ததும் பள்ளிப் படிப்பிலிருந்து தொடங்கிச் சட்டம்வரை படித்து வக்கீலானார். அரசியல் நிர்ணய சபையிலும் அமர்ந்தார். அவர் கண்ட அந்தப் பெண்களின் பேத்திகள் இன்றும் அங்கேதான் இருக்கிறார்கள். இலவச சட்ட உதவி என்ற பெயர்ப் பலகை இப்போது உண்டு. வக்கீல் பெயரும் உண்டு. வழக்கு எந்தக் கட்டத்திலே இருக்கிறது என்று அந்தப் பெண்ணைக் கேளுங்கள். "வாய்தாவுக்குப் போனால் அடுத்த தேதி சொல்கிறார்கள்" என்பதற்கு மேலே அவளுக்குத் தெரியாது.

துடைப்பத்திலும் சாதி!

இன்னொன்று. சிறைக்குள்ளே எல்லோரும் ஒன்றுதானே என்று எண்ணுபவர்களுக்காக இது. பல மாநிலங்களின் சிறை விதிகளிலே, சமையல் வேலைக்கு இன்ன சாதி, கூட்டவும் கக்கூசு கழுவவும் இன்ன சாதி என்று எழுதியே வைத்திருந்தார்கள். சுகன்யா சாந்தா என்ற பெண் பத்திரிகையாளர் இதை வெளிக்கொணர்ந்து வழக்குத் தொடுத்தார். 2024 அக்டோபர் 3இலே உச்ச நீதிமன்றம் அந்த விதிகளைச் செல்லாதென்று அடித்தது. கைதிப் பதிவேட்டிலே சாதிக் கட்டமே இருக்கக் கூடாது என்றது. வடநாட்டுக் கதை என்று நாம் மார்தட்ட இடமில்லை. பாளையங்கோட்டைச் சிறையிலே சாதிவாரியாகத் தனித்தனிக் கட்டடங்களிலே அடைத்த பழக்கமும் அந்தத் தீர்ப்பிலே பேசப்படுகிறது. மோதலைத் தடுக்கத்தான் என்றார்கள் அதிகாரிகள். பெரியார் பிறந்த மண்ணிலே அமைதிக்கு வழி சாதிச் சுவர்தானா? பெண்கள் அடைப்பிலே துடைப்பம் யார் கையிலே கொடுக்கப்படுகிறது என்பதையும், தீர்ப்புக்குப் பின்னே ஒரு தடவை போய்ப் பார்த்துவரச் சொல்கிறோம்.

சிறை மாநிலப் பட்டியலைச் சேர்ந்தது. 2023இலே ஒன்றிய அரசு மாதிரிச் சிறைச் சட்டம் ஒன்றை எழுதி மாநிலங்களுக்கு அனுப்பிற்று. நல்லது இருந்தால் எடுத்துக்கொள்வோம். நமக்கென்று எழுதும் உரிமையை விட்டுக்கொடுக்க மாட்டோம். ஆனால் உரிமை நம்முடையது என்றால் பொறுப்பும் நம்முடையது. கோட்டையிலே எவர் அமர்ந்திருந்தாலும் டில்லியைக் கைகாட்டித் தப்ப முடியாத துறை இது.

ஆண்டுதோறும் சட்டமன்றத்திலே சிறைத்துறை மானியக் கோரிக்கை வருகிறது. பெரும்பாலும் சிறிது நேரப் பேச்சோடு நிறைவேறுகிறது. அடுத்த முறை வரும்போது, உறுப்பினர் ஒருவர் எழுந்து கேட்கட்டும்: ஜாமீன் உத்தரவு கையிலே இருந்தும், ஆள் இல்லாமல் உள்ளே இருக்கும் பெண்கள் இன்றைக்கு எத்தனை பேர்? ஐந்து தனிச்சிறைகளிலும் முழுநேரப் பெண் டாக்டர் உண்டா? தாயோடு இருக்கும் குழந்தைகள் எத்தனை. அவர்களிலே வெளியே பள்ளிக்குப் போய்வருபவர் எத்தனை? ஆறு வயது நிரம்பிப் பிரிந்து போன பிள்ளைகள் எந்த ஊரிலே, எவரிடத்திலே இருக்கிறார்கள். கடைசியாகத் தாயைப் பார்த்தது என்றைக்கு?